இங்கே அதைச் செய்வதில்லை

1

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவில் நான் குடியிருக்கும் சிற்றூரின் ஆஸ்பத்திரியை ஒரு கத்தோலிக்க நிர்வாகம் வாங்கப்போகிறது என்று செய்தி வந்தபோது, ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று அதை ஆதரித்துப் பேசியவன் நான். நான் கத்தோலிக்கன் இல்லை. கிறிஸ்தவனும் இல்லை. அன்றைக்கு நெற்றியில் திருநீறுகூட இருந்தது.

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூட்டம். சாப்பாட்டுக் கடைச் சீருடையோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்து, "கர்ப்பத்தடைக்கு இப்போது கிடைப்பதெல்லாம் இனிமேலும் கிடைக்குமா?" என்று கேட்டார். மேடையில் நிர்வாகத்தின் சார்பில் உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். அவர் குடித்து முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். தென்னிந்தியாவில் தங்கச் சுரங்க ஊரிலிருந்து வந்தவன் நான் என்றேன். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரியில்தான் டைபாய்டு வந்த என் அம்மாவைப் பிழைக்கவைத்தார்கள், நீ என்ன சாமி கும்பிடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, சிஸ்டர்கள் வருகிறார்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்றேன். கைதட்டினார்கள். கோட்டுக்காரர் இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. கைதட்டலைப் பதில் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. என் மனைவி வசந்தா அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பிற்பாடு அதைக் கிழித்தது என் மகள் கயல். எப்போது கிழித்தாள், ஏன் கிழித்தாள் என்பதுதான் இந்தக் குறிப்புகள்.

2

ஊரில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். வெளியே வந்துவிட்ட எனக்காக ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

நான் கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளை. சுரங்கம் ஓடிய காலத்தில் பிரசவம் என்றால் கம்பெனி ஆஸ்பத்திரி. புருஷன் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வாசலில் பீடியோடு நிற்பான். இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு அங்கேயே கருத்தடை ஆபரேஷனையும் முடித்துக்கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணிக் குழாயடியில் அதைப் பேச யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை.

"இன்னாடி, ஆபரேஷன் ஆச்சா?"

"ஆச்சுக்கா. கொழந்த பொறந்த மறுநாளே முடிச்சிகினு வந்துட்டேன்."

"நல்லதாப் போச்சி. இனிமே நிம்மதியாத் தூங்கு."

தக்காளி விலையைக் கேட்கிற குரலில்தான் கேட்பார்கள். ஆபரேஷன் என்றால் அது ஒன்றுதான் என்று நினைத்து வளர்ந்தோம். கணக்கு வாத்தியார் ஆபரேஷனுக்காக லீவில் இருக்கிறார் என்று அறிவித்தபோது, அவருக்கு இது எத்தனையாவது குழந்தை என்று வகுப்பே யோசித்தது.

பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மேலிடத்தில் கணக்குக் கேட்கிறார்கள் என்பதற்காக, சரியாக விளக்காமல் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போன காலமும் உண்டு. என் சித்தி அப்படிப் போய் வந்தவள். கடைசிவரை அந்த வேனைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

சிஸ்டர்ஸ் ஆஸ்பத்திரி எங்களுக்குக் காய்ச்சலுக்கும் கை முறிவுக்கும். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். துணைக்குப் படுக்கப் போனவர்களுக்கும் மரியாதை உண்டு. வாசலில் மாதா சிலை. முருகன் படத்துக்குப் பூ வாங்கும்போதே மாதாவுக்கும் ஒரு முழம் சேர்த்து வாங்குகிற ஊர் எங்களுடையது. அங்கே என்ன செய்வதில்லை என்று யாரும் கவனித்ததில்லை, ஏனென்றால் அங்கே செய்யாததைக் கம்பெனி ஆஸ்பத்திரி செய்துவிடும். இரண்டு கதவு இருந்ததால் ஒரு கதவு பூட்டியிருந்தது எங்கள் கண்ணில் படவில்லை.

சுரங்கத்தை மூடினார்கள். அதோடு கம்பெனி ஆஸ்பத்திரியும் போயிற்று. அதற்குள் நான் விமானம் ஏறிவிட்டேன்.

3

இப்போது என் நாள் என்பது இது. காலையில் டிராக்டர் உதிரி பாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. மாலையில் நூலகம். ஜன்னலுக்கு வெளியே சோளக்காடு, அதற்கப்பால் இன்னும் கொஞ்சம் சோளக்காடு. கயல் இரண்டு வயதில் இங்கே வந்தவள். இதே ஊரில் படித்து, இதே ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாகி, பிரையன் என்ற நல்ல பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, நான்கு தெரு தள்ளி இருக்கிறாள். அவளுடைய தமிழ் வசந்தா கொடுத்தது, அதனால் அது எங்கள் ஊர்த் தமிழ். "இன்னா" என்பாள், "இஸ்துகினு" என்பாள், இரண்டையும் அமெரிக்க மூக்கால் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். இந்த விவகாரம் தொடங்கிய பிறகு மாதக்கணக்கில் என்னிடம் ஆங்கிலம்தான்.

முதல் குழந்தை ஆதியின்போதே அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, கண் இருண்டு, அவசரமாக வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இரண்டாவது தடவையும் அதே அழுத்தம், இன்னும் சீக்கிரமாக. அவளுடைய டாக்டர் ஒரு பெண், கயல் வயதுதான் இருக்கும். மூன்றாவது முறை கர்ப்பமானால் உன் உயிருக்கு நான் உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். கயலும் யோசிக்கவே இல்லை. எப்படியும் வயிற்றைத் திறக்கத்தானே போகிறீர்கள், அப்போதே கருக்குழாயைக் கட்டிவிடுங்கள் என்றாள்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாராம்.

"நான் செய்வேன். இந்தக் கட்டடம் செய்யவிடாது."

நிர்வாகம் மாறியதிலிருந்து அப்படி. கர்ப்பத்தைத் தடுப்பதற்கென்று எதுவும் அங்கே செய்யக்கூடாது. குழாய் கட்டக்கூடாது, கருப்பைக்குள் காப்பர்-டி வைக்கக்கூடாது, அந்தக் காரணத்தைச் சொல்லி மாத்திரை எழுதக்கூடாது. ஆனால் வேறு காரணம் இருந்தால் மாத்திரை எழுதலாம். டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம்: "உனக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருமா? வலி அதிகமா? நன்றாக யோசித்துச் சொல்."

"யோசிக்க ஒண்ணும் இல்ல. ஒழுங்காத்தான் வரும்" என்றிருக்கிறாள் என் மகள்.

பொய் சொல்லத் தெரியாமல் வளர்த்துவிட்டோம். எப்படியும் அவளுடைய ரத்த அழுத்தத்துக்கு அந்த மாத்திரை ஆகாது, பொய் சொல்லியிருந்தாலும் வீண்தான். ஆனால் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது. படித்த டாக்டர் ஒருவர், படித்த பெண் ஒருத்தியைப் பார்த்து, தயவுசெய்து ஒரு பொய் சொல், அப்போதுதான் உனக்கு வைத்தியம் செய்ய முடியும் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. இதற்கு அறநெறி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு வசந்தா மூலமாகத்தான் தெரியும். கயல் அம்மாவிடம் சொன்னாள். அன்றைக்குச் சமையலறைக்கு வந்து, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த என் படத்தை எடுத்து, நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஆதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஆங்கிலத்தில்கூட இல்லை.

4

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பன் என்றால் எங்கேயாவது போய்க் கத்த வேண்டும் என்பது எங்கள் ஊர் நடைமுறை. அங்கே அதற்கென்றே ஒரு அதிகாரி இருக்கிறார். ஆஸ்பத்திரி கத்தோலிக்கச் சபையின் நெறிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கூட்டத்தில் என் கையைக் குலுக்கிய அதே கோட்டுக்காரர். என்னை ஞாபகம் வைத்திருந்தார். உட்காரவைத்துக் காபி கொடுத்தார். இந்த ஊரில் காபி கொடுத்தால் பதில் இல்லை என்று அர்த்தம்.

"உங்கள் மகளின் முடிவை நாங்கள் மதிக்கிறோம்" என்றார்.

"மதித்தால் செய்யுங்கள்."

"இங்கே அதைச் செய்வதில்லை. வேறு இடத்தில் செய்துகொள்வதை நாங்கள் தடுக்கவில்லை."

"வேறு இடம் எங்கே இருக்கிறது?"

பிரசவம் பார்க்கும் அடுத்த ஆஸ்பத்திரி மூன்று மணி நேரப் பயணம். பிரசவ நாள் ஜனவரியில். ஜனவரியில் எங்கள் நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் ஏறி இறங்கும் ஒரு கர்ப்பிணியைப் பனிச்சாலையில் மூன்று மணி நேரம் அனுப்பக்கூடாது என்று அவருடைய ஆஸ்பத்திரி டாக்டரே எழுதியிருக்கிறார். இதையெல்லாம் அடுக்கினேன். மனிதர் கண் கலங்கிற்று. உண்மையாகவே கலங்கிற்று. கயலுக்காகப் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார்.

கிளம்பும்போது ஒரு பை கொடுத்தார். இயற்கை முறை என்றார். உள்ளே ஒரு வண்ண நாள்காட்டியும் ஒரு தெர்மாமீட்டரும் இருந்தன. தினமும் காலையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக் குறித்து, எந்த நாளில் விலகி இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் செத்துப்போகலாம் என்று எழுதிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு ஒரு ஆஸ்பத்திரி தருகிற பாதுகாப்பு: மஞ்சள் கட்டம், பச்சைக் கட்டம்.

அதை வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஏன் எடுத்துவந்தேன் என்று தெரியவில்லை. நன்றி என்றுகூடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முப்பது வருஷமாக இந்த நாட்டு அலுவலகங்களில் நன்றி சொல்லிப் பழகிவிட்ட வாய்.

5

ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று வாரம் முன்னதாகவே, அவசரமாக. நாங்கள் நேசிக்கும் அந்த இளம் டாக்டர்தான் வயிற்றைத் திறந்தார்.

இந்த இடத்தில் என்னால் கிண்டலாக எழுத முடியவில்லை. என் மகளின் வயிறு திறந்திருந்தது. குழந்தையை எடுத்தாயிற்று. கட்ட வேண்டிய குழாய்கள் டாக்டர் கண்ணுக்கு முன்னால், விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. இன்னும் சில நிமிட வேலை. கையில் கருவி இருந்தது, செய்யத் தெரிந்த கை அது, செய்யச் சொன்னவள் அந்த மேஜையில்தான் படுத்திருந்தாள். மூடித் தைத்தார்கள். எந்த ஆபத்திலிருந்து அவளைக் காப்பாற்ற வேண்டுமோ, அதே ஆபத்தை அப்படியே உள்ளே வைத்துத் தைத்தார்கள். மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் இன்னொரு கட்டடத்தில் நடந்திருந்தால் இது சாதாரண வைத்தியம். இந்தக் கட்டடத்தில் பாவம். கட்டடத்துக்கு ஆன்மா உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் படுத்திருப்பவளுக்கும் ஒன்று உண்டு.

அதன்பின் இரண்டு நாள் அழுத்தம் இறங்காமல் தனி அறையில் வைத்திருந்தார்கள். எல்லோரும் அவ்வளவு அன்பு. இரவுப் பணி நர்ஸ் தன் வீட்டிலிருந்து கம்பளிக் காலுறை கொண்டுவந்து போட்டுவிட்டார். கிளம்புகிற நாளில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு, கயல் என்னிடம் தமிழில் பேசினாள்.

"அப்பா, இவங்க எல்லாருமே ரொம்ப நல்லவங்க. யார் மேலயாவது கோச்சிக்கலாம்னு பாத்தா ஆளே கெடைக்க மாட்டேங்குது."

"என் மேல கோச்சிக்கோ."

"அது ஏற்கெனவே ஓடிகினுதான் கீது."

உடம்பு தேறியதும் மூன்று மணி நேரத் தொலைவிலிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தனியாகச் செய்துகொள்ளலாம் என்று இருந்தோம். அதற்குள் அந்த ஆஸ்பத்திரியையும் இதே நிர்வாகம் வாங்கிவிட்டது. அங்கே எழுந்து பேசிய முட்டாள் யார் என்று தெரியவில்லை. மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் இன்னொன்றில் அடுத்த ஆண்டுக்குத்தான் இடம் என்றார்கள். அதுவரைக்கும்?

"ஜாக்கிரதையாக இருங்கள்" என்றார்கள் தொலைபேசியில்.

6

எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் அக்கா சரோஜாவிடம் வசந்தா இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, அமெரிக்காவுல ஆபரேஷன் பண்ண ஆள் இல்லியா?"

"ஆள் இருக்கு. பண்ண மாட்டேங்கறாங்க."

"இன்னாடா இது அநியாயம். எப்டியும் கொழந்தைக்கு மொட்ட போட வரத்தானே போறீங்க. அப்டியே இங்க முடிச்சிகினு போங்க. காலைல போனா சாயங்காலம் வூட்டுக்கு வந்துடலாம்."

குழாய் கட்டுவதற்காக அமெரிக்கக் குடிமகள் ஒருத்தி இரண்டு பெருங்கடல் தாண்டி கோலார் தங்கவயலுக்கு வருகிறாள். விசா விண்ணப்பத்தில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில், உறவினரைப் பார்க்க என்று போட்டோம். பிரையனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆதியோடு அங்கேயே இருந்துவிட்டான். வசந்தா, கயல், கைக்குழந்தை, நான்.

என்னைப் படித்தவன் என்று சொல்பவர்கள் இனிமேல் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு யோசித்துக்கொள்ளட்டும். ஊரில் இறங்கி, மொட்டை போட்டு, மூன்றாம் நாள் காலையில் குளித்து, மகளைக் கூட்டிக்கொண்டு நான் நேராகப் போனது சிஸ்டர்ஸ் ஆஸ்பத்திரிக்கு.

ஏன் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் வயிற்றில் கத்தி வைக்க வேண்டுமென்றால் கால் தானாக அங்கேதான் போகும். சுத்தமான இடம், நம்பிக்கையான இடம். அக்காவும் அதையேதான் சொன்னாள், வசந்தாவும் தலையாட்டினாள். ஒரு வருஷமாக ஒரே விஷயத்துக்காக ரத்தக் கொதிப்போடு அலைந்த குடும்பத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பஜாரில் அக்கா இரண்டு முழம் மல்லி வாங்கினாள். ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மாதாவின் காலடியில் வைத்தோம். வசந்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கயல் மட்டும் சிலையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது யாரோட ஆஸ்பத்திரி?"

"சிஸ்டர்ஸோட."

"எந்த சிஸ்டர்ஸ்?"

நான் பதில் சொல்வதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பொறுப்பில் இருந்த சிஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"நாங்க இங்க அது பண்றதில்லீங்களே" என்றார்.

சோளக்காட்டு ஊரில் காபியோடு கேட்ட அதே வாக்கியம். பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

"சிஸ்டர், இவளுக்கு இன்னொரு தடவை உண்டானா உயிருக்கு ஆபத்து."

"தெரியுதுங்க. பாவம் புள்ள. நாங்க பண்ணிக்காதீங்கன்னு சொல்லல. இங்க பண்ண மாட்டோம்னுதான் சொல்றோம். பங்காருபேட்டைக்குப் போங்க, நல்லா பண்ணுவாங்க."

கயல் தன் அமெரிக்க மூக்கால் எங்கள் ஊர்த் தமிழைப் பேசினாள். "சிஸ்டர், நான் இருக்கற ஊர்லயும் இத்தயேதான் சொன்னாங்க. அடுத்த ஊர்லயும் சொன்னாங்க. எல்லாரும் இங்க இல்ல, இங்க இல்லன்னே சொல்லிகினு இருந்தா, பண்ணிக்காதன்னு சொல்றதுக்கும் அதுக்கும் இன்னா வித்தியாசம்?"

சிஸ்டர் குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு சட்டம் கீதும்மா" என்றார் கடைசியில்.

"எனக்கு ஒரு உடம்பு கீது" என்றாள் கயல்.

சத்தம் போட வேண்டும் என்று எனக்கு வந்தது. சிஸ்டர் மேல் அல்ல. அவருக்கு அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்பது தெரிந்திருந்தது, எங்களுக்குச் சொன்னார். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மேல். அவர்களில் ஒருவருக்கும் வயிறு இப்படித் திறந்ததில்லை, ஒருவரும் பிரசவ அறைக் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்ததில்லை. எங்கேயோ தூரத்தில் கல்யாணமே ஆகாத ஆண்கள் உட்கார்ந்து எழுதியதை, இங்கே கல்யாணமே ஆகாத பெண் ஒருவர் வருத்தத்தோடு நிறைவேற்றுகிறார். எங்களுக்கு வசதி இருந்தது, பங்காருபேட்டைக்குக் கார் வைத்துப் போனோம். எங்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அவளுக்கும் இங்கே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவள் மறுபடி கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஆள் பிடித்து, பேருந்து ஏறி வேறு ஊருக்குப் போவதற்குள் நாலாவது வந்துவிடும். மறுப்பதற்குக் கத்த வேண்டியதில்லை. அடுத்த கதவைத் தூரத்தில் வைத்தால் போதும்.

வெளியே வரும்போது அக்கா மாதாவின் காலடியில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எடுத்துக்கலாமா?" என்றாள் மெதுவாக.

"உடு. அந்தம்மா இன்னா பண்ணுவாங்க" என்றாள் வசந்தா.

7

பங்காருபேட்டையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோம். டாக்டரம்மா தெலுங்குக்காரர், ஐந்து நிமிடத்தில் மூன்று மொழி பேசினார். அமெரிக்க ஆஸ்பத்திரியின் அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, "வயித்தத் தொறந்துட்டு சும்மாவா மூடுனாங்க?" என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்கினேன். "வேணாம் சார், எனக்கும் பிபி" என்றார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள்: "வீட்டுக்காரர் எங்கங்க? கையெழுத்து வேணும்."

"அவர் அமெரிக்காவுல இருக்கார். என் கையெழுத்து போட்டிருக்கேனே" என்றாள் கயல்.

"அது சரிங்க மேடம். வீட்டுக்காரர் இல்லன்னா அப்பா போடட்டும்." பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கை தானாகப் பேனாவை வாங்கிவிட்டது. முப்பதைத் தாண்டிய ஒரு பெண். இரண்டு பிள்ளை பெற்றவள், இரண்டு தடவை சாவைப் பக்கத்தில் பார்த்தவள். அங்கே சபை சரி என்றால்தான் அவளுக்கு வைத்தியம். இங்கே ஓர் ஆம்பிளை சரி என்றால்தான் வைத்தியம். நான் எதை எதிர்த்து ஒரு வருஷமாகப் பொருமிக்கொண்டிருந்தேனோ, அதே வேலையைச் செய்ய என் கையில் ஒரு நீலப் பேனா.

"போடாதப்பா" என்றாள் கயல். ஆங்கிலத்தில் இல்லை.

பேனாவைக் கவுன்டரில் வைத்துவிட்டேன். கயல் நேராக டாக்டரம்மா அறைக்குள் போனாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"என் கையெழுத்து செல்லாதா டாக்டர்?"

"செல்லும்மா. நாளைக்கு உங்க வீட்டுக்காரரு வந்து கத்தினாருன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"மாமியார் வந்தா?"

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வெளியே பார்த்து, "அந்தம்மா கையெழுத்து போதும், உள்ள அனுப்பு" என்றார்.

மறுநாள் காலையில் ஆபரேஷன். சின்னத் துளை, சின்னக் கட்டு. சாயங்காலம் அக்கா வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு கயல் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். முகத்தில் ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்த களைப்பு. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஆபரேஷன் ஆச்சா?" என்றார்.

"ஆச்சுக்கா" என்றாள் என் மகள். "இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

அன்றைக்கே உட்கார்ந்து இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று வேகம். சபை, நிர்வாகம், கோட்டுக்காரர், நாள்காட்டி, கவுன்டர் பேனா, ஒருவரையும் விடவில்லை. இரண்டு கண்டத்தையும் கூண்டில் ஏற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். நடுவில் இரண்டு இடத்தில் மூக்கை உறிஞ்சினாள், அது வெங்காயமாகவும் இருக்கலாம்.

படித்து முடித்ததும் கேட்டாள்:

"எல்லாம் சரிடா. ஆம்பளைங்களுக்கு அர மணி நேரத்துல முடியற ஆபரேஷன் ஒண்ணு கீதே, மாப்பிளைய யாருனா ஒரு வார்த்த கேட்டீங்களா?"